மோப்பத் தடம் விளையாட்டு: நாயோடு கிளம்புமுன் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

(ஞாயிற்றுக்கிழமை காலை நம் கிளப் ஹவுஸில் நடந்த செல்லப்பிராணி வளர்ப்போர் சந்திப்பில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



பேப்பரில் திருட்டுச் செய்தி படிக்கும்போது ஒரு வரியை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் அதைப் படித்தபோதெல்லாம் நாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன். இந்த மூன்று வருடத்தில் எங்கள் பூந்தியோடு நடந்து நடந்து ஒரு விஷயம் புரிந்தது. பல நேரங்களில் நாய் நின்ற அந்த இடம்தான் பதில். ஆள் அங்கே வண்டியில் ஏறியிருப்பான்.

பூந்தியைத் தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் காருக்கு அடியில் கிடைத்த நாட்டு நாய். பதினெட்டு கிலோ எடை. பட்டாசுக்குப் பயம், தபால்காரரைப் பிடிக்காது. தினமும் இரண்டு வேளை வாக்கிங் போயும் வீட்டுக்கு வந்து சோபாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் களைப்பாக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடியபோதுதான் இந்த விளையாட்டு அகப்பட்டது. இருபது நிமிடம் மோப்பம் பிடித்து ஒரு தடத்தை முடித்துவிட்டு வந்தால் மதியம் வரை தூங்குகிறாள். சோபா தப்பித்தது.

இந்த விளையாட்டுக்கு என்னென்ன சாமான்கள் வேண்டும், எதை வாங்கவே கூடாது என்று பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் நாய் எப்படித் தடம் பிடிக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்தால்தான் சாமான்களின் பயன் புரியும். அதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாய் எதை முகர்கிறது?

நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றோடு வியர்வையும் நுண்ணுயிர்களும் ஒட்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் இந்தக் கலவை வேறு. நாம் நடந்துபோனால் அது நமக்குப் பின்னால் மெல்லிய தூள் போல மிதந்து, காற்று தள்ளுகிற பக்கமாகப் போய், புல்லிலும் சுவர் ஓரத்திலும் படிந்துவிடுகிறது. நமக்கு வாசனை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். அது மூச்சை வெளியே விடும்போது மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகத்தான் காற்று போகும். முன்பக்கத்திலிருந்து வரும் வாசனை அதனால் கலையாது.

மோப்பத்தில் மூன்று வகை உண்டு. முதல் வகையில், கால் பதிந்த இடத்தில் நசுங்கிய புல், கிளறிய மண், இவற்றின் வாசனையை அடி அடியாக நாய் தொடரும். இரண்டாவது வகையில், ஒரு குறிப்பிட்ட மனிதரின் பொருளை முகரக் கொடுத்து, அவரை மட்டும் தேடச் சொல்கிறோம். நாம் விளையாடுவது இதைத்தான். மூன்றாவது வகையில் முகரப் பொருள் எதுவும் கொடுப்பதில்லை. காற்றில் எந்த மனித வாசனை வந்தாலும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை தன் நாய்களோடு போனது ஞாபகம் இருக்கும். இடிபாட்டுக்குள் ஆறு வயதுச் சிறுமி உயிரோடு இருப்பதைக் காட்டிக்கொடுத்தது ஜூலி என்ற லேப்ரடார். அது மூன்றாவது வகை. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவில் கேரள போலீசின் மாயா, மர்ஃபி இரண்டும் மண்ணுக்கு அடியில் உடல்களைத் தேடின. அதற்குத் தனிப் பயிற்சி.

அதெல்லாம் ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடாருக்குத்தானே, நம்ம வீட்டு நாய்க்கு வருமா என்று கேட்பீர்கள். 2021 பிப்ரவரியில் நம் ராணுவம் வியர்வை, சிறுநீர் மாதிரிகளை முகர்ந்து கொரோனாவைக் கண்டுபிடிக்கும் நாய்களை டெல்லியில் காட்டியது. அவற்றில் நம் ஊர் சிப்பிப்பாறையும் இருந்தது. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். அதற்கே வருகிறது என்றால் எந்த நாய்க்கும் வரும். பக், ஷிட் சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மட்டும் மூச்சுத் திணறும். அவற்றை ஐந்து நிமிடத்துக்கு மேல் விளையாட விடாதீர்கள்.

சரி, பைக்கு வருவோம்.

மார்புப் பட்டை

முதல் சாமான் ஹார்னஸ். கழுத்துப் பட்டையோடு தடம் பிடிக்க விடக் கூடாது. மோப்பம் பிடிக்கிற நாய் தலையைக் கீழே போட்டு முன்னால் இழுக்கும். கழுத்தில் பட்டை இருந்தால் தொண்டை நெரியும், இருமும், கொஞ்ச நாளில் இழுப்பதையே விட்டுவிடும். நமக்கோ அந்த இழுப்புத்தான் வேண்டும்.

முன்பக்கம் ஆங்கில ஒய் எழுத்து வடிவில் இருக்கும் ஹார்னஸ் நல்லது. மார்புக்குக் குறுக்கே படுக்கை வசத்தில் பட்டை போகும் வகை தோள்பட்டையைத் தடுக்கும். கயிறு மாட்டும் வளையம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தையல்காரர் டேப்பை எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொண்டு போய் வாங்குங்கள். மாட்டியபின் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மார்பு ஆழமாகவும் இடுப்பு ஒட்டியும் இருக்கிற நாய்கள் பின்னால் நகர்ந்தே ஹார்னஸைக் கழற்றிவிடும். அவற்றுக்கு வயிற்றுப் பக்கம் இன்னொரு பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த ஹார்னஸைத் தடம் பிடிக்கப் போகும்போது மட்டும் மாட்டுங்கள். சாதாரண வாக்கிங்குக்கு வேறு பட்டை. பத்துத் தடவை போய் வந்தால், அதை மாட்டுகிறபோதே வேலை ஆரம்பம் என்று நாய்க்குத் தெரிந்துவிடும். பூந்தி இப்போது ஹார்னஸ் சத்தம் கேட்டாலே மூக்கைத் தரையில் வைத்துவிடுகிறாள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் என்ன தடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நீளக் கயிறு

இரண்டாவது சாமான் கயிறு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஐந்து மீட்டர் போதும். பழகியபின் பத்து மீட்டர். குட்டைக் கயிறாக இருந்தால் நாம்தான் நாயை நடத்துவோம். தடம் வளைகிற இடத்தில் நாய் தாண்டிப் போய், வாசனை விட்டுப்போனதை உணர்ந்து, வட்டமடித்துத் திரும்பி வரும். அதற்கு இடம் வேண்டும்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் நான் வாங்கியது துணி காயப்போடுகிற நைலான் கயிறு. மூன்றாவது நாள் நடுவில் ஒரு பூனை வந்தது. பூந்தி பாய்ந்தாள். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. ஒரு வாரம் சாதம் ஸ்பூனில் சாப்பிட்டேன். அதனால் சொல்கிறேன், மெல்லிய நைலான் கயிறு வேண்டாம். பள்ளிக்கூடப் பைக்குத் தைப்பார்களே பருத்தி நாடா, ஓர் அங்குல அகலத்தில், அதைப் பத்து மீட்டர் வாங்கிப் பை தைக்கிறவரிடம் கொடுத்து ஒரு முனையில் கொக்கியை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் கனக்கும், அழுக்காகும், ஆனால் கையை அறுக்காது. ரப்பர் பூச்சுப் போட்ட நாடாவும் கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் சேற்றில் இழுத்தாலும் துடைத்தால் போதும். கொக்கி உறுதியாக இருக்கட்டும். கைப்பையில் மாட்டுகிற அலங்காரக் கொக்கி ஒரு இழுப்பில் விரிந்துவிடும்.

கயிற்றை ஒருபோதும் மணிக்கட்டில் சுற்றாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்கு விற்கும் சாதாரண கையுறை போதும்.

சக்கரத்துக்குள் சுருண்டு நீளும் லீஷ் இதற்கு உதவாது. அதில் எப்போதும் ஓர் இழுவிசை இருப்பதால் நாய் இழுக்கிறதா, ஸ்பிரிங் இழுக்கிறதா என்று தெரியாது. கயிறு தளர்ந்தால் நாய்க்குச் சந்தேகம், இறுகினால் நிச்சயம். அதைக் கையால் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் நம் பங்கு.

முகரக் கொடுக்கும் பொருள்

பையில் இருப்பதிலேயே மலிவானது இதுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். அதைப் புரியவைக்க, போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் ஒரு தாத்தா. ஞாபக மறதி இருக்கிறது. ஒரு நாள் மாலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஐந்து மணிக்கு மேல்தான் வீட்டில் கவனித்தார்கள். கேட் கேமராவில் அவர் வெளியே போவது தெரிந்தது, எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை. போலீசுக்குச் சொல்லிவிட்டு, ஐந்தரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

நான் பூந்தியை அழைத்துக்கொண்டு இறங்கினேன். அவருடைய துணி ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர் மருமகள் பதற்றத்தில் அழுக்குக் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வந்தார். அதில் வீட்டில் உள்ள எல்லோருடைய துணியும் கலந்து கிடந்திருக்கிறது. பூந்தி முகர்ந்துவிட்டு, நேராக அவர் பேரன் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பொறுத்தவரை அது சரியான பதில். அடுத்து தலையணை உறை வந்தது. அது நாலு பேர் கை மாறி வந்தது. பூந்தி அந்த நாலு பேரையும் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் அவருடைய அறைக்குள் நானே போய், கட்டிலுக்கு அடியில் அவர் மட்டும் போடுகிற பழைய செருப்பைக் கவரால் பிடித்து எடுத்து வந்தேன். அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

செருப்பை முகர்ந்ததும் பூந்தி கிளம்பினாள். கேட், வலது பக்கம், சுவர் ஓரமாக, ஜி.எஸ்.டி. சாலை. பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு வட்டமடித்தாள். நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது.

அங்கே பூ விற்கிற அம்மாவைக் கேட்டோம். ஆமாம், பெரியவர் ஒருத்தர் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினார் என்றார். உடனே போலீசுக்கு அந்தத் தகவலைச் சொன்னோம். இருந்தாலும் அவரைக் கண்டுபிடித்தது பூந்தி இல்லை. இரவு ஒன்பது மணி வாக்கில் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடைக்காரர், தாத்தாவின் சட்டைப் பையில் மருமகள் எழுதி வைத்திருந்த சீட்டில் நம்பரைப் பார்த்து போன் செய்தார். அந்தச் சீட்டுக்குத்தான் நாம் முதலில் கும்பிடு போட வேண்டும்.

ஆனால் அந்த அரை மணி நேரம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பஸ் ஏறினார் என்பது அரை மணி முன்னால் தெரிந்திருந்தால், தேடுகிறவர்கள் ஏரிக்கரையிலும் ஸ்டேஷனிலும் சுற்றாமல் அப்போதே பஸ் நிலையத்துக்குப் போயிருப்பார்கள்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் சிட்ரஸ் கவுண்டியில் 2017ல், ஞாபக மறதி உள்ள ஒரு பெண்மணி காணாமல் போனார். அவர் இரண்டரை வருடம் முன்பே தன் வாசனையைத் துணியில் எடுத்து ஒரு ஜாடியில் மூடி வைத்திருந்தார். போலீஸ் நாய் அதை முகர்ந்து சில நிமிடங்களில் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். நம் வீட்டிலேயே செய்யலாம்.

வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு அல்லது மருந்துக் கடையில் விற்கும் காஸ் துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துணியாக இருந்தால் சோப்புப் போடாமல் கொதிக்கும் நீரில் போட்டுக் காயவையுங்கள். வீட்டுப் பெரியவரே அதைத் தன் கையால் எடுத்துக் கழுத்து, அக்குள், நெற்றி எல்லாம் நன்றாகத் துடைத்து, தானே ஜிப்லாக் கவருக்குள் போட வேண்டும். அவருக்கு நாம் உதவ வேண்டியிருந்தால் புதுக் கையுறையோ இடுக்கியோ பயன்படுத்துங்கள். அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் போட்டு, பெயர், தேதி எழுதி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் வைத்து வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், அதில் எவ்வளவு கழுவினாலும் ஊறுகாய் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள். பன்னிரண்டு கவர் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன், ஒரு கவர் ஐந்து ரூபாய்.

நாய் வளர்க்காதவர்களுக்கும் இது பொருந்தும். நாளைக்குப் போலீஸ் மோப்ப நாயே வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். கூடவே சட்டைப் பையில் போன் நம்பர் சீட்டு. யாராவது காணாமல் போனால் முதல் போன் 112க்கு. பூந்திக்கு அதற்கப்புறம்.

மற்ற சாமான்கள்

பரிசு டப்பா: தடத்தின் முடிவில் ஒளிந்திருப்பவர் கையில் இது இருக்க வேண்டும். பிஸ்கட் போதாது. வேகவைத்த சிக்கன் அல்லது கோழி ஈரல், உப்பு, மசாலா இல்லாமல். வெங்காயம் சேர்த்து வேகவைத்தது வேண்டவே வேண்டாம், நாய்க்கு அது விஷம். சைவ வீடுகளில் பனீர் துண்டு அல்லது நாய் உயிரையே விடும் அந்த ஒரு பந்து. கண்டுபிடித்த உடனே, அந்த இடத்திலேயே, தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

அடையாளம்: தடம் போட்டவர் எங்கே திரும்பினார் என்று நமக்குத் தெரியாவிட்டால் நாய் சரியாகப் போகிறதா என்றே தெரியாது. திருப்பங்களில் செடியில் கலர் துணி கிளிப் மாட்டுங்கள். சாலையில் சாக்பீஸ் கோடு. பழகியபின் தடம் போடுகிறவர் தன் செல்போனில் நடந்த வழியைப் பதிவு செய்துகொண்டால் போதும்.

பவுடர் டப்பா: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க. லேசாக அமுக்கினால் தூள் போகிற திசை தெரியும், ஊதுபத்திப் புகையும் அதைக் காட்டும். நாய் தடத்திலிருந்து நாலடி தள்ளிப் போனால் தப்பு என்று இழுக்காதீர்கள், காற்று வாசனையை அங்கே தள்ளியிருக்கும். நம் பக்கம் கோடையில் காலைக் காற்று மேற்கிலிருந்து, கடற்காற்று பிற்பகலில் கிழக்கிலிருந்து. ஒரே தடம் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறு பக்கமும் சாய்ந்திருக்கும். நம் பிளாக்குகளில் மாடிப்படியும் லிஃப்ட் குழியும் புகைபோக்கி மாதிரி வாசனையை மேலே இழுத்துக்கொண்டு போகும். ஆரம்பத்தில் கட்டடத்துக்குள் தடம் போட வேண்டாம்.

தண்ணீர்: ஒரு லிட்டர் பாட்டில், மடக்குக் கிண்ணம். கிளம்புமுன்பும் நடுவிலும் கொடுங்கள். வாயைத் திறந்து இளைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. நாக்கு நீண்டு தொங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். கத்திரி வெயில் மாதத்தில் காலை ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். மோப்பத்துக்கும் அதுதான் நல்லது. ஈரமும் குளிர்ச்சியும் வாசனையைப் பிடித்து வைக்கும். மார்கழிப் பனியில் புல்தரை தடம் பிடிக்க அற்புதமாக இருக்கும். உச்சி வெயிலில் சிமெண்ட் தரையில் ஒன்றும் நிற்காது.

முதலுதவி: ஒரு சின்ன டப்பாவில் உண்ணி எடுக்க ட்வீசர், போவிடோன் அயோடின், காஸ் துணி, ஒட்டும் பேண்டேஜ். புல்லில் போய் வந்தால் காது, அக்குள், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பகுதி நாய்களுக்கு நிறைய வருகிறது. ஏரிக்கரைப் புதர்களில் பாம்பு உண்டு, இருட்டில் போகாதீர்கள். நமக்கு மூடிய ஷூ, ஒரு விசில், டார்ச், ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை. நாயின் பட்டையில் உங்கள் போன் நம்பர். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையின் படம் செல்போனில்.

வாங்கக் கூடாதவை: முள் பட்டை, இறுக்குச் சங்கிலி, பாட்டிலில் விற்கும் செயற்கை வாசனை. மற்றபடி ஹார்னஸையும் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள்தான்.

முதல் பாடம் இப்படி. நாயை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதற்குப் பிடித்தவர் டப்பாவைக் காட்டிவிட்டுப் பத்து மீட்டர் ஓடிப் போய் மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் விட்டுப்போன கைக்குட்டையை முகரவைத்து, ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். நான் 'தேடு' என்கிறேன். அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம். அப்புறம் தூரத்தைக் கூட்டலாம், ஒரு திருப்பம் சேர்க்கலாம், தடம் போட்டு இருபது நிமிடம் கழித்துக் கிளம்பலாம். மூன்றையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள்.

பையில் இல்லாத ஒரு விஷயம்

இரண்டு விஷயங்கள் பேசாமல் முடித்தால் சரியாக இருக்காது.

ஒன்று. சில மாதம் முன்பு ஒரு சைக்கிள் திருடு போனபோது, ஒருவர் என்னிடம் வந்து, சார், பூந்தியைக் கொண்டுவந்து வீட்டு வேலைக்கு வருகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து முகரவிடலாமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன். இங்கே காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த சைக்கிளைத் துடைத்த வாட்ச்மேன் அண்ணன் வாசனை அதில் இருக்கும், நகர்த்தி வைத்த அக்கா வாசனை இருக்கும், என் வாசனையும் இருக்கும். நாய் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் அவர் அந்தப் பொருளைத் தொட்டிருக்கலாம் என்று மட்டும்தான் அர்த்தம். பயிற்சி பெற்ற போலீஸ் நாய் தடம் பிடித்ததைக்கூட விசாரணைக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதையே சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008ல் தினேஷ் போர்தாகூர் வழக்கில் சொல்லியிருக்கிறது. சோபா கடிக்கிற பூந்தியை வைத்து ஒருவருடைய வேலையையும் மானத்தையும் பறிக்கக் கூடாது. இங்கே விளையாட வருகிறவர்கள் எல்லோரும் இதற்கு உறுதி சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டு. நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவிலேயே, கட்டாமல் விட்ட இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. குடியிருப்பில் நாய் வளர்க்கச் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி வேண்டுமானாலும் இருப்போம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பத்து மீட்டர் கயிறு என்பது குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ஆபத்து. ஆகவே குழுவிடம் நான் கேட்பது இதுதான். பின்பக்கக் காலி இடத்தில், ஞாயிறு காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும், மூன்று மாதம் சோதனையாக அனுமதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய். கேட்டில் பலகை. அந்த இடத்துக்குப் போகும் வரை குட்டை லீஷ், புதியவர்களைப் பார்த்து உறுமும் நாய்க்கு வாய்க்கூடை. கழிவை அள்ளும் கவர் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. ஒரு புகார் வந்தாலும் நிறுத்திவிட்டுப் பேசுவோம்.

தாத்தா இப்போது நன்றாக இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் அவர்தான் பூந்திக்குத் தடம் போடுகிறார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் வேப்ப மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒளிந்திருக்கிறோம் என்பது சில நாள் அவருக்கு மறந்துவிடும். பூந்தி வந்து மடியில் மூக்கை வைத்ததும் சிக்கன் டப்பாவைத் திறக்க மட்டும் மறப்பதில்லை.



உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் சில

எங்கள் லேப்ரடாருக்கு ஒன்பது வயது. இனிமேல் கற்றுக்கொள்ளுமா?
தாராளமாக. இது ஓட்டப் பந்தயம் இல்லை, நடை வேகம்தான். மூட்டு வலி இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புல்தரையில் மட்டும், குட்டைத் தடமாகப் போடுங்கள்.

மழைக்காலத்தில் நிறுத்திவிட வேண்டுமா?
தூறலில் விளையாடலாம், வாசனை நன்றாகவே நிற்கும். தண்ணீர் ஓடுகிற அளவு மழை பெய்தால் தடம் கரைந்துவிடும். தேங்கிய நீரை நாய் குடிக்க விடாதீர்கள், எலிக் காய்ச்சல் வரும். அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

என் பேத்திக்கு நாய் என்றால் பயம். அவளும் சேரலாமா?
ஒளிந்துகொள்ள வேண்டாம், தூரத்தில் நின்று கிளிப் மாட்டும் வேலையைச் செய்யட்டும். நாய் தன்னைப் பார்க்காமல் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டே போவதைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். மீதியை அவளாக முடிவு செய்யட்டும்.

பெரியவர்களின் வாசனைக் கவர் செய்ய உதவி கிடைக்குமா?
அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதே கிளப் ஹவுஸில் துணி, கையுறை, கவர் எல்லாம் வைத்திருப்பேன். பெரியவரை அழைத்து வாருங்கள், காலி கண்ணாடி பாட்டில் ஒன்றும் கொண்டு வாருங்கள். ஊறுகாய் பாட்டில் தவிர.